விருதுக் கோட்டின் உள்பக்கம்

டேப்பை அவர் மார்பைச் சுற்றி இழுத்துப் பிடித்தேன். நிற்க வேண்டிய இடத்தில் அது நிற்காமல் என் விரலைத் தாண்டி வந்தது. டெக்சாஸில், கல்லூரி மைதானத்துக்கு எதிரே இருந்த என் தையல் கடையில், ஆள் உயரக் கண்ணாடிக்கு முன்னால் அந்தக் கல்லூரியின் ஃபுட்பால் கோச் கைகளைத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தார். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு டிசம்பர் மாதம். நான் யோசிக்கவே இல்லை. நம் ஊரில் ரொம்ப நாள் கழித்துப் பார்ப்பவரிடம் வாய் தானாகக் கேட்குமே, அதைத்தான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். "என்ன கோச், இப்படி இளைச்சுட்டீங்க?"

அமெரிக்காவில் ஒருவரைப் பார்த்து இளைத்துவிட்டீர்கள் என்று சொன்னால் அது பாராட்டு. தேங்க் யூ என்று சிரிப்பார்கள், தினமும் ஓடுகிறேன், இனிப்பை விட்டுவிட்டேன் என்பார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க ஊரே கோச்சைப் பாராட்டிக்கொண்டிருந்தது, அவரும் எல்லோருக்கும் தேங்க் யூ சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் என் குரலில் பாராட்டு இல்லையே! நமக்கெல்லாம் ஒரு மனிதன் இளைத்தான் என்றால் வீட்டில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். அவர் என் கேள்வியைக் கேட்கவில்லை, குரலைக் கேட்டார். கண்ணாடியில் அவர் முகம் மாறியது. தூக்கிய கைகளை மெல்ல இறக்கிவிட்டு, கடையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன். திருப்பூர்ப் பக்கத்து ஆள். காஜா எடுக்க உட்கார்ந்து, கோயமுத்தூரில் கோட் மாஸ்டரிடம் அடி வாங்கி, அவர் வெட்டுகிற விதத்தைக் கண்ணாலேயே திருடிக் கற்றுக்கொண்டேன். என் மனைவி நர்ஸ். அவளுக்கு டெக்சாஸில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்தபோது அவள் பின்னால் ஒரு கத்திரிக்கோலை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன். முதலில் டிரை கிளீனர் கடையின் மூலையில் பேன்ட் குட்டையாக்கினேன். பிறகு அதே தெருவில் சொந்தக் கடை போட்டேன். அந்தக் கல்லூரி ஆட்டக்காரர்கள் மார்பில் கல்லூரியின் முதல் எழுத்தைத் தைத்துப் போட்டுக்கொண்ட ஜாக்கெட் ஒவ்வொன்றும் என் கடையில் தயாரானது. இரண்டு டிகிரி வாங்கிய நம்மூர்ப் பையன்கள் லே ஆஃப் ஆகிவிடுமோ என்று பயந்துகொண்டிருந்த காலத்தில் நான் நான்கு பேருக்குச் சம்பளம் கொடுத்தவன். பெருமைதான். பெருமைப்படுகிற மாதிரி வாழ்ந்தவன் பெருமைப்பட்டால் என்ன தப்பு?

கோச்சைத் தெரியாதவர் அந்த ஊரில் யாரும் இல்லை. அங்கே ஃபுட்பால் என்பது பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். "டெய்லர், உங்க ஊரு ஆட்டத்துல காலுக்கு வேலை. எங்க ஆட்டத்துல காலு ஓடறதுக்கும் உடையறதுக்கும் மட்டும்தான்" என்று என்னைச் சீண்டுவார். கதவை அடைக்கிற உடம்பு, ஆனால் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. வருஷக்கணக்காகத் தோற்றுக்கொண்டே இருந்த அணியை அந்த ஆண்டு அவர் ஜெயிக்க வைத்திருந்தார். அந்த வட்டாரத்துக் கல்லூரிகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுதோறும் சிறந்த கோச் ஒருவருக்கு விருது தருவார்கள். ஆடியவனுக்கு இல்லை, மைதான ஓரத்தில் நின்று ஆட வைத்தவனுக்கு. விருது என்பது ஒரு கோட். கரும்பச்சை நிறத்தில், மார்பில் சின்னம் தைத்தது. இறுதிச் சுற்றுக்கு வந்த மூன்று கோச்சுகளையும் நான்தான் அளவெடுப்பேன், ஒருவருக்கு மட்டும் தைப்பேன். அந்த ஒருவர் யார் என்பதை விருதுக் குழுத் தலைவர் என் காதில் மட்டும் சொல்வார். அப்படியானால் என் மேல் எவ்வளவு நம்பிக்கை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அன்று நான் அளவெடுத்துக்கொண்டிருந்தது அந்த ஒருவரைத்தான், அது அவருக்குத் தெரியாது.

"உள்ள யாரு?" என்று கேட்டார் கோச்.

"கைத்தையல் அம்மா மட்டும்தான். மெஷின் ஓடுது, ஒண்ணும் கேக்காது."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். கணையத்தில் புற்றுநோய் என்றார். டாக்டர்கள் ஒரு வருஷம் என்கிறார்களாம். "நான் பேரம் பேசிட்டிருக்கேன், ஒண்ணரைக்கு ஒத்துக்க மாட்டேங்கறாங்க" என்று சிரிக்கப் பார்த்தார். மனைவிக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரிந்திருந்த விஷயம் இப்போது எனக்கும் தெரிந்துவிட்டது. பிப்ரவரியில்தான் பள்ளிக்கூடப் பையன்கள் எந்தக் கல்லூரிக்கு ஆடப்போகிறோம் என்று கையெழுத்துப் போடுவார்கள். அதற்கு முன் விஷயம் வெளியே வந்தால், அவர் வீடு வீடாகப் போய்ப் பேசி வைத்திருந்த பையன்கள் வேறு கல்லூரிக்குப் போய்விடுவார்கள், நிர்வாகம் அடுத்த நாளே வேறு கோச்சைக் கூட்டிவரும். "அடுத்த சீசன் முதல் ஆட்டத்துக்கு மைதான ஓரத்துல நான் நிக்கணும், டெய்லர். நின்னுட்டேன்னா போதும். ஒருவேளை அந்தக் கோட்டு எனக்கு வந்தா, நான் பழைய ஆளு மாதிரியே தெரியணும். உன்னால முடியுமா?"

என்னால் முடியுமா என்று கேட்டால் முடியாது என்று சொன்னதே இல்லை. முடியும் என்றேன்.

கடை விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தனியாக உட்கார்ந்து தைத்தேன். தோளில் சாதாரணமாக வைப்பதை விட இரண்டு மடங்கு பேட், மார்புக்குக் குதிரைமுடி கேன்வாஸ், அதன் மேல் பஞ்சு, முதுகில் மெல்லிய பஞ்சு விரிப்பு. பஞ்சு வைப்பது பெரிய வித்தையில்லை. ஆள் கையைத் தூக்கும்போது அந்தப் பஞ்சும் சதை மாதிரி கூடவே அசைய வேண்டும், அதுதான் வித்தை. அதை எந்தக் கல்லூரியும் சொல்லித் தராது. ட்ரையலுக்கு வந்த கோச் கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு, கோயிலில் நிற்பவர் மாதிரி நின்றார். பிறகு கோட்டைக் கழற்றி உள்பக்கத்தைப் புரட்டினார். லைனிங் இன்னும் போடவில்லை. பக்கத் தையல்களில் துணியை நிறைய உள்ளே மடித்து விட்டிருந்தேன்.

"இது என்ன, மிச்சத் துணியா?"

"எங்க ஊர் வழக்கம் கோச். உடம்பு திரும்பி வந்தா பிரிச்சு விட்டுக்கலாம்."

அமெரிக்காவில் தைக்கிற துணியில் இப்படி விடமாட்டார்கள். உடம்பு மாறினால் வேறு வாங்கிக்கொள் என்பதுதான் இங்கே வழக்கம். அவர் அந்த மடிப்பை விரலால் தடவிப் பார்த்தார். "விருதுக் குழு என்னைப் பத்தி நெனைக்கறதைவிட நீ நல்லா நெனைக்கற, டெய்லர்" என்றார். ஒருவருக்குத்தான் தைப்பேன் என்பதால், ட்ரையலுக்குக் கூப்பிட்டதிலேயே கோட் தனக்குத்தான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. என் வேலையின் ரகசியத்தை நானே உடைத்துவிட்டேன். அவருடைய ரகசியத்துக்கு முன்னால் அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

ரகசியத்தை வைத்துக்கொள்வது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பதை என்னை அறிந்தவர்கள் அறிவார்கள். ஊரில் எது நடந்தாலும் அதைச் சொல்கிற முதல் ஆள் நான். மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏனுங்க, இனி இதைப் பத்தி எங்கிட்டக்கூடப் பேசாதீங்க. உங்க வாயில இருந்து ஒரு வார்த்தை போச்சுன்னா அந்த மனுசன் கண்ணு முன்னாடியே எல்லாம் போயிரும்" என்றாள். பொங்கலுக்குத் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் ஒரு வீட்டில் கூடி, ஆளுக்கொரு பண்டம் சமைத்துக் கொண்டுவந்து பாட்லக் வைத்தோம். சாம்பார் சாதத் தட்டோடு ஒரு சாஃப்ட்வேர் தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அண்ணே, டி.வி.ல கோச்சைப் பார்த்தீங்களா? செமையா வெயிட் லூஸ் பண்ணிருக்காரு. என்ன டயட் ஃபாலோ பண்றாருன்னு கேட்டுச் சொல்லுங்களேன், என் வைஃப் டெய்லி என்னைத் திட்றா." மனைவி எதிரிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியலைங்க தம்பி என்றேன். "அண்ணனுக்கே தெரியாத ஒரு மேட்டரா! யாராவது இதை எழுதி வைங்கப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதுவரைக்கும்கூடச் சமாளித்துவிட்டேன். கைத்தையல் அம்மாவிடம்தான் மாட்டிக்கொண்டேன். லூசியானாவிலிருந்து வந்தவர், புருஷன் இல்லை, என் கடையை நான் திறந்ததிலிருந்து கூட இருந்தவர். என்னை பாஸ் என்று கூப்பிடுவார், ஆனால் பாஸிடம் பேசுகிற மாதிரி ஒருநாளும் பேசியதில்லை. "பாஸ், நீ பேசறதுல பாதியைத் தைச்சிருந்தா இந்நேரம் பணக்காரன் ஆயிருப்பே" என்பார். அவருடைய ஒரே மகன் பள்ளிக்கூட அணியில் முன்வரிசையில் ஆடுகிறவன், எதிரணியை இடித்து நிறுத்துகிற பெரிய உடம்புக்காரன். கோச் அந்தப் பையனைக் கேட்டு அவர்கள் வீட்டுக்கே போயிருந்தார், சோபாவில் உட்கார்ந்து அந்த அம்மா செய்த கேக்கைச் சாப்பிட்டார். "நாலு வருஷமும் உங்க பையன் பக்கத்துல நான் இருப்பேன்" என்று சொல்லியிருந்தார். படிப்புச் செலவு முழுக்க இந்தக் கல்லூரி ஏற்கும். இன்னொரு சிறிய கல்லூரி பாதிதான் ஏற்கும், ஆனால் அங்கிருக்கிற கோச் அசையாத ஆள், முடி நரைக்க நரைக்க அங்கேயே இருப்பவர்.

ஜனவரியில் ஒரு காலை அந்த அம்மா ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டார். "பாஸ், உனக்கு அந்த மனுஷனைத் தெரியும். நாலு வருஷம்ங்கறாரு. நம்பி என் புள்ளையைக் கொடுக்கலாமா?"

ஊரில் யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்கிறவன் நான். வீடு வாங்கலாமா, கார் எது நல்லது, எந்த டாக்டர், எந்தக் கோயில் என்று எதற்கும் பதில் வைத்திருப்பேன். இதற்கும் பதில் என்னிடம் இருந்தது. சொன்னால் கோச்சுக்குக் கொடுத்த வார்த்தை போகிறது. சொல்லாவிட்டால் என் மேஜையில் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற பெண்ணுக்குத் துரோகம். எழுந்து போய் அலமாரியைத் திறந்து, யாரும் தொடக் கூடாது என்று மூடி வைத்திருந்த அந்தக் கோட்டை எடுத்து வந்தேன். "இதுக்கு லைனிங் போட்டுக் கொடுங்க" என்று அவர் மடியில் வைத்தேன். அதற்கு முன் எந்த விருதுக் கோட்டையும் நான் அவர் கையில் கொடுத்ததில்லை.

அவர் அதை விரித்தார். பச்சைத் துணி யாருக்கு என்று கேட்கவில்லை. தோளில் கை வைத்தார், மார்பில் வைத்தார், முதுகில் அழுத்தினார். பஞ்சு உள்ளே போய் மீண்டும் எழும்பியது. கோச்சின் பழைய ஜாக்கெட்டுக்குப் பித்தான் தைத்தவர் அவர், அந்த உடம்பு எவ்வளவு பெரியது என்று தெரியும். என் முகத்தைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"எவ்வளவு நாள்?" என்றார்.

லைனிங் துணியை அவர் பக்கம் தள்ளி வைத்தேன். கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றினேன் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் கெட்டிக்காரத்தனத்தில் எனக்குக் கொஞ்சம் திருப்திகூட இருந்தது. மகனை அந்தச் சிறிய கல்லூரிக்கு அனுப்பிவிடுவார், கதை முடிந்தது என்று நினைத்தேன். அவர் லைனிங் துணியை எடுத்து மடிப்புப் போட ஆரம்பித்தார். பாதித் தையலில் நிமிராமலே சொன்னார். "பாஸ், கேளு. என் பையனுக்கு இது தெரியக் கூடாது. தெரிஞ்சா நேராப் போயி அவர் மூஞ்சியைப் பார்த்துக் கேட்டுருவான், அவனுக்கு மறைக்க வராது. விஷயம் வெளிய வந்துரும். கோச்சும் போவாரு, இந்தச் சீட்டும் போயிரும். பாதிச் செலவுக்கு நான் எங்க போவேன்? கோச் போனாலும் காலேஜ் இருக்கும். அவன் கையெழுத்துப் போடற வரைக்கும் நீ வாயைத் திறக்காதே."

நான் அவருக்குத் தெரியப்படுத்த வழி தேடியவன். அவர் என்னை ஊமையாக்கிவிட்டார். ஒரே ரகசியத்தை இரண்டு பேரிடம் வாக்குக் கொடுத்துக் காக்கிறவன் ஆனேன்.

விருது இரவு ஒரு ஹோட்டலின் பெரிய அறையில் நடந்தது. கோச்சின் பெயரைச் சொன்னபோது கைதட்டல் அடங்கவே இல்லை. அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு அவர் மேடையில் கையைத் தூக்கினார், தோள் தூக்கிக்கொண்டு போகவில்லை, மார்பு மடியவில்லை, ஒரு சுருக்கம் இல்லை. என் வாழ்நாளில் நான் தைத்ததில் அதற்கு இணை எதுவும் இல்லை, இதை எவர் முன்னாலும் சொல்வேன். கீழே இறங்கியவர் அந்த அம்மா மகனோடு உட்கார்ந்திருந்த மேஜைக்குப் போனார். "நாலு வருஷம், ஞாபகம் இருக்கட்டும்" என்று பையனின் கையைக் குலுக்கினார். அந்த அம்மாவைக் கட்டிப்பிடித்தார். அவருடைய கை கோச்சின் முதுகில் நான் வைத்த பஞ்சின் மேல் இருந்தது. அந்தக் கை அங்கிருந்து வர நேரமானது. கோச் அப்போது அவரைப் பார்த்த பார்வையில், இந்த அம்மாவுக்குத் தெரியும் என்று கோச்சுக்கும் புரிந்துவிட்டதாகத்தான் எனக்குப் பட்டது. பையன் கோட்டைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

பிப்ரவரியில் பையன் கையெழுத்துப் போட்டான். கோச் வசந்தகாலப் பயிற்சிவரை மைதானத்துக்கு வந்தார், பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வந்தார். சீசன் தொடங்கும் முன்பே, வெயில் உச்சியில் இருந்த மாதத்தில் போய்ச் சேர்ந்தார். அவர் கேட்ட அந்த முதல் ஆட்டம் கிடைக்கவில்லை. புதிதாக வந்த கோச் தனக்குப் பிடித்த பையன்களைத் தன்னோடு கூட்டிவந்தார். அந்தக் காலத்தில் விளையாட்டுக்குத் தருகிற படிப்புச் செலவை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டும், அது கோச்சின் கையில். அம்மாவின் மகன் இரண்டு ஆண்டும் ஆட வாய்ப்பில்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மூன்றாம் ஆண்டு புதுப்பிக்கவில்லை. படிப்பை நிறுத்திவிட்டு ஏர்கண்டிஷனர் மெக்கானிக் வேலைக்குப் போனான். அந்த அம்மா என் கடையில் கடைசிவரை இருந்தார். ஒருநாளும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என் பேச்சைக் கேலி செய்வதை அவர் விட்டுவிட்டார். அது எனக்குத் திட்டு வாங்கியதைவிட அதிகமாக வலித்தது.

இப்போது நான் கலிபோர்னியாவில், சான் ரமோனில் மகள் வீட்டில் இருக்கிறேன். கடையை விற்றாகிவிட்டது. பேரப்பிள்ளைகள் நான் தமிழில் சொல்வதைக் கேட்டு இங்கிலீஷில் பதில் சொல்கிறார்கள், கோச்சுக்குக் கோட் தைத்த கதை அவர்களுக்குப் பாதி தெரியும், நல்ல பாதி. போன மாதம் டெக்சாஸிலிருந்து அந்த மகன் கூப்பிட்டான். அவனும் என்னை பாஸ் என்றுதான் கூப்பிடுவான், வருஷத்துக்கு ஒருமுறையாவது கூப்பிடுவான். கோச்சின் மனைவி வயதான காலத்தில் உள்ளூர்ப் பத்திரிகைக்காரரிடம் மனம் விட்டுப் பேசியிருக்கிறார், விருது வாங்குவதற்கு முன்பே கணவருக்கு எல்லாம் தெரியும் என்று.

"எங்க வீட்டு சோபால உக்காந்து நாலு வருஷம்னாரு, பாஸ். அந்த ராத்திரி கையைக் குலுக்கி மறுபடியும் சொன்னாரு. அப்பவே அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்ப்பா."

"உனக்கு?"

"தெரியும். கோட்டைத் தைச்சவன் நான்தானே."

அவன் மூச்சு விடுவது கேட்டது. பின்னால் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மா இப்போது அவனோடுதான் இருக்கிறார், அவர் இருமியதும் கேட்டது. அவன் குரலைத் தாழ்த்தினான். "எங்கம்மாவுக்கு?"

எனக்கு யோசிக்க நேரம் தேவைப்படவில்லை. "தெரியாது. அந்தக் கோட்டை அவங்க கையில நான் கொடுக்கவே இல்லை. எல்லாத்தையும் நானே தைச்சேன்."

"எங்கம்மா உன் கடையில உக்காந்து தினம் உன்கூடச் சாப்பிட்டாங்க. அவங்ககிட்டகூட நீ சொல்லலை" என்றான். நான் பெரிய மனுஷன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தானாம். வைத்துவிட்டான்.

இதைத் தமிழில் எழுதுவதால்தான் எழுதவே துணிந்தேன். அந்த வீட்டில் இதைப் படிக்க யாரும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா கூப்பிட்டார். என் மனைவியின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார், இங்கே வெயிலா குளிரா என்று கேட்டார். பிறகு, "அவன் உன்கிட்ட மறுபடி பேசினானா, பாஸ்?" என்றார்.

"இல்லைங்க."

"நீ சொன்னதை எங்கிட்ட சொன்னான். நான் ஒண்ணும் பேசலை." இருமிவிட்டுத் தொடர்ந்தார். "நான் அவன்கிட்ட உள்ளதைச் சொல்லிடறேன்."

வேண்டாம் என்றேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. போனை வைக்கவும் இல்லை. நானும் வைக்கவில்லை.